வெந்தால் போதாது

மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய உருளைக்கிழங்குக் குவியலுக்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு கிழங்காக எடுத்து, ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். "நீ உள்ள." அடுத்தது. "நீயும் உள்ள." அதற்கடுத்த கிழங்கின் தோலில் லேசாகப் பச்சை ஓடியிருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்க்கிறார். உள்ளேயும் பச்சை. "வெயில்ல போட்டுக் காய விட்டானா உன்னைய? போ வெளிய." கிழங்கு குப்பைத் தொட்டியின் அடியில் டொம்மென்று போய் விழுகிறது.

"தோலச் சீவிட்டு வேக வெச்சாப் போச்சு. இதுக்குப் போயி..." என்கிறார் மூட்டை இறக்கிய ஆள்.

"பச்ச வேகாதுய்யா. நீ நாள் முழுக்க வேக வெச்சாலும் அந்தக் கசப்பு அங்கயேதான் குந்தியிருக்கும். உன் வீட்டுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ. உன் பொண்டாட்டி விளக்குமாத்த எடுக்குறாளா இல்லையான்னு பாரு."

இப்படித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருப்பதால் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் நானூறு பேருக்கும் அவர் 'ஜட்ஜம்மா'. கேன்டீன் தலைமைச் சமையல்காரர். வயது ஐம்பத்திரண்டு. குட்டையான, கெட்டியான உடம்பு. தரை ஈரத்துக்காகப் போட்டிருக்கும் ரப்பர் பூட்ஸ் ஆண்களுடையது. இரண்டு அளவு பெரியது. நடக்கும்போது சளக் சளக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பாத்திரம் கழுவுகிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். முன்கை இரண்டிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள். கேட்டால், "சர்வீஸ் ரெக்கார்டு" என்பார்.

அவருடைய ஜென்மப் பகை ஒன்றே ஒன்றுதான். பச்சையாகத் தின்பது.

பிரிண்டிங் பிரிவில் ஒரு இளைஞர் உடம்பு ஏற்றுகிறார். ஒரு நாள் காலையில் வந்து ஜன்னலில் கையை நீட்டி, "ரெண்டு பச்ச முட்டை குடுங்கம்மா, அப்படியே குடிச்சிடுறேன்" என்றார். ஜட்ஜம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த முட்டை எந்த வழியா வெளிய வந்துச்சுன்னு தெரியுமாப்பா உனக்கு? கோழி என்ன குளிச்சிட்டா வந்து முட்டை போடுது?" வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்த இளைஞர் அவித்த முட்டைதான் சாப்பிடுகிறார். புஜம் நன்றாகத்தான் திரண்டிருக்கிறது.

ஸ்டோர் கீப்பர் ஒருமுறை மரவள்ளிக் கிழங்கைத் தோலை உரித்துப் பச்சையாகக் கடித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஜட்ஜம்மா அவர் கையிலிருந்ததைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான். "சின்ன வயசுலேர்ந்து திங்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்று அவர் வாதாடினார். "ஆகியிருந்தா இங்க நின்னு பேசிட்டிருப்பியா? ஆனவன் எவனும் வந்து சாட்சி சொல்ல மாட்டான்" என்றார் ஜட்ஜம்மா. பக்கத்தில் நின்ற எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே கிழங்கைக் காட்டில் பிடுங்கி, மண்ணைத் துடைத்துக் கடித்து வளர்ந்தவன்தான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வேதியியல் பட்டம் வாங்கியவன். அந்தப் பெருமையை நான் ஒளித்து வைப்பதில்லை. ஆனால் பச்சை மரவள்ளியில் சயனைடு உண்டாகிறது என்பதைக் கல்லூரியில் படித்த பிறகும், நான் தின்றதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. ஜட்ஜம்மாவுக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி.

வீட்டிலும் இதே கதைதான். "இவ கையில சிக்காத ஒரே ஆள் நான்தான் சார், என்னைய மட்டும்தான் இன்னும் வேக வெக்கல" என்பார் அவருடைய கணவர். "அதுக்கும் நாள் வரும்" என்பார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எல்லாவற்றையும்விட ராஜ்மா நாளில்தான் அவர் முகத்தில் யாரும் விழிக்கக் கூடாது. முதல் நாளே ஊற வைத்துவிடுவார். காலையில் வந்ததும் ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். பெரிய அடுப்பு. மூடி கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு அண்டாவுக்கு எதிரே நிற்பார். தண்ணீர் ஓரத்தில் ஆடத் தொடங்கும். உதவிக்கு இருக்கும் பெண், "கொதி வந்துடுச்சுக்கா" என்பாள். இவர், "அது ஆட்டம்டி, கொதி இல்ல. நடுவுல பொத்துக்கிட்டு வரணும்" என்பார். நடுவில் பொத்துக்கொண்டு வந்த பிறகு, சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம். அதற்கப்புறம்தான் தீயைக் குறைத்து மெதுவாக வேக விடுவார். பயறு எப்போது மசிகிறது என்பதைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. மசிவது வேறு, கொதிப்பது வேறு.

இதை அவர் ஏட்டில் படிக்கவில்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தபோது, மேனேஜர் அவசரப்படுத்தினார் என்று அரைகுறைச் சூட்டில் கிடந்த ராஜ்மாவை இவரே கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டார். இருபத்து மூன்று பெண்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். யாரும் சாகவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் 'குடிநீர்க் கோளாறு' என்று எழுதிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு நர்ஸ்தான் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பயறு கொதிச்சுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "வெந்துச்சு" என்று இவர் சொல்ல, "வெந்துச்சான்னு கேக்கல. கொதிச்சுதா?" என்று மறுபடி கேட்டிருக்கிறார். "அந்தப் பொண்ணுக்கு என்னால பதில் சொல்ல முடியல தம்பி" என்பார் ஜட்ஜம்மா. "எழுதினவனெல்லாம் படிச்சவன். தண்ணி மேல பழியப் போட்டான். தண்ணி வந்து இல்லைன்னா சொல்லப் போவுது?"

போன மாதம் ஒரு ராஜ்மா நாளில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஆள் இரண்டு பெரிய மின்சார அண்டாக்களை வாங்கி இறக்கியிருந்தார். காலையில் போட்டு மூடினால் மதியம் தானாக வெந்திருக்கும், கேஸ் மிச்சம், ஆள் நிற்க வேண்டாம் என்பது அவருடைய சூப்பர்வைசரின் கணக்கு. ஜட்ஜம்மா அவற்றில் கைகழுவ வெந்நீர் மட்டும் வைத்திருந்தார். அன்று கணவருக்குக் கண் ஆபரேஷன் கட்டுப் பிரிக்கும் நாள். மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சூப்பர்வைசருக்குத் தோதாகப் போயிற்று. ஊறிய ராஜ்மா, ஊறிய தண்ணீரோடு, காலை ஆறு மணிக்கு மின்சார அண்டாக்களுக்குள் போய்விட்டது.

பன்னிரண்டே காலுக்கு ஜட்ஜம்மா உள்ளே வந்தார். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. நான் அப்போது கேன்டீனில்தான் இருந்தேன். எனக்குத் தொழிற்சாலையில் பசையைச் சோதிக்கிற வேலை. அட்டையை ஒட்டும் மாவுப் பசையின் சூடு சரியாக இருக்கிறதா என்று தெர்மாமீட்டரோடு சுற்றுகிறவன். அன்று கொஞ்சம் முன்னதாகவே பசித்துவிட்டது.

ஜட்ஜம்மா மூடியைத் திறந்தார். பயறு அழகாக, சிவப்பாக, பூப்போல வெந்திருந்தது.

"கொதிச்சுதாடி?"

"மசிஞ்சே போச்சுக்கா. ரொம்பப் பசிச்சுது, பத்தரை மணிக்கே ஒரு கிண்ணம் போட்டுத் தின்னுட்டேன். வெண்ணெ மாதிரி இருக்கு" என்றாள் உதவிக்கு இருக்கும் பெண்.

"கொதிச்சுதான்னு கேட்டேன்."

ஜட்ஜம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தக் குச்சிய இதுல விடு."

பசைக்கு வைத்திருந்ததை விட்டுவிட்டு, பையில் இருந்த புதுத் தெர்மாமீட்டரைக் கழுவி உள்ளே விட்டேன். எழுபத்தாறு டிகிரி. அடுத்த அண்டா எழுபத்தெட்டு. ஆறு மணி நேரமாக அது அந்தச் சூட்டில் சும்மா கிடந்திருக்கிறது. அந்தச் சூட்டில் ராஜ்மாவின் நஞ்சு அழியாது. பச்சையாகத் தின்பதைவிட இது மோசமாகக்கூடப் போகலாம். இதை சூப்பர்வைசரிடம் சொன்னேன். முப்பது வயது, அயர்ன் கலையாத சட்டை, எப்போதும் சிரித்த முகம். அன்றும் சிரித்தார்.

"சார், நீங்க பசையப் பாருங்க. சாப்பாட்ட நாங்க பாத்துக்குறோம்."

பெட்டி ஒட்டுகிற பசைக்கு இந்தத் தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்டுக்கு நான்கு தடவை சூடு பார்க்கிறோம். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டு டிகிரி குறைந்தால் மிஷினை நிறுத்துகிறோம். நானூறு மனிதர்களின் வயிற்றுக்குள் போகிறதற்கு ஒரு தெர்மாமீட்டர் கிடையாது. பெட்டி பிரிந்துவிட்டால் வாங்கினவன் திருப்பி அனுப்புவான். வயிறு பிரிந்தால்? 'குடிநீர்க் கோளாறு.'

"அடுப்புக்கு மாத்திக் கொதிக்க விடணும். முக்கால் மணி ஆகும்" என்றார் ஜட்ஜம்மா.

"ஏம்மா, அவங்களுக்கு இடைவேளையே அரை மணி. இன்னைக்கு ஒரு நாள் போட்டுருங்க. நாளைலேர்ந்து உங்க இஷ்டம்."

"ஒரு நாள் போதுமே."

"இதோ, காலையிலேயே தின்னவ குத்துக்கல்லாட்டம் நிக்கிறா. அவளுக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் பொழுது இருக்கு."

"பேசிட்டே இருந்தா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்மா."

"நாளைக்குத்தான? இன்னைக்கு நான்தான் சமையல்காரி. தள்ளுங்க."

மணி அடித்தது. கதவு திறந்து கூட்டம் தட்டோடு உள்ளே வந்தது. ஜட்ஜம்மா பரிமாறும் ஜன்னலின் இரும்பு ஷட்டரைக் கடகடவென்று இழுத்து இறக்கிக் கொக்கியைப் போட்டார். வெளியே முதலில் சிரிப்பு. பிறகு தட்டுகளால் ஷட்டரில் அடிக்கிற சத்தம்.

"ஏ ஜட்ஜம்மா! சோத்துக்கும் வாய்தாவா?"

"காலையிலேர்ந்து நிக்கிறோம்மா, ஈவு இரக்கமே இல்லையா?"

"ஒரு வேளை பசியில எவனும் சாக மாட்டீங்க! ரொட்டி இருக்கு, பக்கத்துக் கதவு வழியா தரேன், தின்னுட்டு வேலையப் பாருங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினார். அவர்கள் மேலும் அவருக்குக் கோபம்தான். தங்கள் வயிற்றுக்காக ஒருத்தி நிற்கிறாள் என்று தெரியாமல், தட்டால் அவள் தலையிலேயே அடிக்கிறார்களே என்ற கோபம். நியாயமான கோபம் என்பேன் நான்.

இரண்டு பெரிய அடுப்புகளையும் பற்ற வைத்தார். மின்சார அண்டாவிலிருந்து வாளி வாளியாக மொண்டு அடுப்பு அண்டாவுக்கு மாற்ற ஆரம்பித்தோம். கைப்பிடியின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் உதவிக்கு இருக்கும் பெண். சூப்பர்வைசர் மூலையில் நின்று குத்தகைக்காரருக்குப் போன் போட்டு, "கிழவிக்குத் திமிர் சார், இன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிடுறேன்" என்று பேசிக்கொண்டிருந்தார். குரலைத் தணிக்கக்கூட இல்லை. ஜட்ஜம்மா காதில் விழுந்தது. அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

நான்காவது வாளியில் அந்தப் பெண் கைப்பிடியை விட்டுவிட்டாள். பயறு என் செருப்பின் மேல் கொட்டியது. "என்னமோ மாதிரி இருக்குக்கா" என்றாள். நெற்றி முழுக்க வேர்வை முத்து முத்தாக நின்றது. அடுப்புக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து காலி வாளியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிறாற்போல வாந்தி எடுத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூச்சு விட இடமில்லாமல் மூன்றாவது தடவை.

"பித்தமா இருக்கும். வெறும் வயித்துல வந்திருப்பா" என்றார் சூப்பர்வைசர், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

என் வாழ்நாளில் ஒருவன் முகத்தில் வாளியை எறிய வேண்டும் என்று நான் நினைத்தது அந்த ஒரு கணத்தில்தான். நான் எறியவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஷட்டருக்கு வெளியே, எடுக்கிற சத்தம் கேட்டிருக்க வேண்டும். தட்டு அடிப்பது ஒவ்வொன்றாக நின்றது.

ஜட்ஜம்மா மட்டும் நிறுத்தவில்லை. "உனக்கு வயித்துல என்னடி அவ்ளோ அவசரம்? நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலியா? ரெண்டு புள்ளைய வெச்சுக்கிட்டு இப்படியா வாய வெப்ப? எடு, எடு, எல்லாத்தையும் எடு, உள்ள வெக்காத" என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஈரத்தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவள் தலை வாளிக்குள் சாயாமல் இடது கையால் நெற்றியை ஏந்திப் பிடித்துக்கொண்டார். வலது கையைப் பின்னால் நீட்டி, கண்ணால் பார்க்காமலே துழாவி, அடுப்பின் திருகைக் கடைசிவரை திருப்பினார்.