ரெண்டு ஸ்பிரிங், ஒரு ஏரிக்கரை வளைவு

வளைவில் வண்டி அலைந்தால் எல்லோரும் ரோட்டைத் திட்டுகிறார்கள். அதில் பாதித் திட்டு ஷாக் முடுக்குகிற எங்களுக்கு வந்திருக்க வேண்டியது.

செஞ்சியில் என் வீட்டுக்காரர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இன்ஜின் அவர் வேலை. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஷாக் அப்சார்பர் என் வேலை. அதன் அடியில் ஐந்து படி இருக்கும். கொக்கி ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும். பாரத்துக்குத் தகுந்த படியில் வைத்துவிட்டால் வளைவில் வண்டி நம் பேச்சைக் கேட்கும். கேட்க சுலபமாகத்தான் இருக்குது. ஸ்பீட் பிரேக்கரில் இடுப்பைத் தொலைத்தவர்களே, மேலே படியுங்கள்.

ஐம்பது கிலோ

எந்தப் படி என்று முடிவு பண்ண, ஏறுகிறவர்களின் எடை தெரியணும். ஒரு வாத்தியார் மனைவியோடு வந்தார். தன் எடை அறுபத்தெட்டு என்றார். அந்தம்மா எதிரே இருந்த பஞ்சர் கடையைப் பார்த்துக்கொண்டே "ஐம்பது" என்றார். பிள்ளை பெற்ற பிறகு என் எடையை நானே யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. அவரை எப்படிச் சந்தேகப்படுவது? இரண்டாவது படியில் வைத்து அனுப்பினேன்.

மறுநாள் வாத்தியார் மட்டும் வந்தார். ஸ்பீட் பிரேக்கரில் ஸ்டாண்ட் உரசித் தீப்பொறி பறந்ததாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அவ சொன்னதை விட்டுடும்மா. நீ கண்ணால பார்த்ததை வெச்சு முடுக்கு."

இரண்டு முட்டி

ஏழுமலை அண்ணன் தளவானூர்ப் பக்கமிருந்து பால் கேன் கட்டிக்கொண்டு வருகிறவர். ஏரிக்கரை வளைவில் விழுந்து இடது முட்டியில் கட்டோடு வந்தார். "இன்னொரு வாட்டி விழுந்தா வண்டிய வித்துடுன்னு வீட்ல சொல்லிட்டாங்க. வண்டி போனா பால் வியாபாரமும் போச்சு. பார்த்து செய்யும்மா" என்றார்.

பார்த்துத்தான் செய்தேன். கடைசிப் படி. இனிமேல் வளைவு தெரியவே தெரியாது என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் நொண்டிக்கொண்டே வந்து நின்றார். "இன்னாண்ணா ஆச்சு?" என்றேன். வேட்டியைத் தூக்கி வலது முட்டியைக் காட்டினார்.

"போன வாரம் இது, இந்த வாரம் இது. இப்ப ரெண்டும் சமமாயிடுச்சு."

தண்ணீர்

வீட்டில் சொல்லாமல் மறைத்திருந்தார், பாவம். வண்டியை விற்க விடக்கூடாது என்று எனக்கு ஒரு வேகம். பால் பாரத்துக்குப் பதிலாகக் கேன்களில் தண்ணீர் பிடித்து, நானே ஓட்டிக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். அவர் பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்தார். வளைவில் சாய்த்தேன். பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது. நான், வண்டி, கேன் எல்லாம் நேராக நெல் வயலுக்குள்.

சேற்றில் படுத்தபடி பார்த்தால், ஷாக் என் மூக்குக்கு நேராக இருந்தது. இடது பக்கம் ஐந்தாம் படி. வலது பக்கம் பழையபடி இரண்டாம் படியிலேயே. அப்போதுதான் நினைவு வந்தது: இடது பக்கத்தை முடுக்கி முடித்தபோது என் பொண்ணு வருகிற ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. ஓடிப் போய் இறக்கி, மூக்கு துடைத்து, பிஸ்கட் கொடுத்துத் திரும்பி வந்தவள், வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். அண்ணனிடம் அங்கேயே உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், கவிழ்ந்த கேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பால்ல தண்ணி ஊத்துறான்னு என்னைத்தான் சொல்லுவாங்க. வயலுக்கு ஊத்தினது நீதாம்மா."

இப்போது

இரண்டு பக்கமும் ஒரே படியில் வைத்தேன். அன்றிலிருந்து அந்த வளைவில் அவர் விழவில்லை, வண்டியும் விற்கவில்லை. ஆனால் சர்வீசுக்கு வரும்போதெல்லாம், பத்துப் பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துச் சத்தமாகக் கேட்கிறார்: "ரெண்டு பக்கமும் முடுக்கிட்டியாம்மா, இல்ல வேன் வந்துடுச்சா?"

வண்டிக்கு ரெண்டு ஸ்பிரிங் வைத்த புண்ணியவான், அதை முடுக்குகிறவளுக்கு ஒரு குழந்தையும் இருக்கும் என்று கொஞ்சமாவது யோசித்திருக்கலாம்.