நாற்பது வார்த்தைக் கிராணி

இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. சிரிலின் கட்டைவிரல் மோதிரவிரலின் நடுக்கணுவில் வந்து நிற்கிறது. ஒரு கைக்குப் பன்னிரண்டு கணு. மூன்று சுற்று முடிந்து இன்னும் நான்கு கணு போனால் நாற்பது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடினாலும் நாடாளுமன்றத்தில் கேள்வியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் முன்னால் இருக்கும் தாளிலோ இருபத்தொன்பது வார்த்தை செலவாகியும் கேள்வி இன்னும் தொடங்கவில்லை. அமைச்சரை வணங்கி, அவருடைய மேலான கவனத்தைக் கோரி, தொந்தரவுக்கு வருந்தி முடிப்பதற்கே அவ்வளவும் போய்விட்டது.

"பாத்தியா, வணக்கம் சொல்லியே வாய் வலிச்சிருச்சு. கேக்க வந்தது வாசல்லயே நிக்கிது," என்று தன்னையே திட்டிக்கொண்டு தாளைக் கசக்குகிறார். கசக்கியதை மறுபடி நீவி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்குகிறார். தோட்டத்துக் கிராணிக்குக் காகிதத்தை எறிய மனம் வராது.

கெடா மாநிலத்துக் குருண் கடைத்தெருவில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நாடாளுமன்ற உறுப்பினர் பிரேமாவதியின் சேவை மையம். அறுபத்திரண்டு வயது சிரில் அங்கே உதவியாளர். வருகிறவர்களின் குறைகளைக் கேட்டு விண்ணப்பப் பாரம் நிரப்புவார். மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவார். மக்களவை கூடும் சமயங்களில் அமைச்சர்களுக்கான எழுத்துக் கேள்விகளை மலாயில் வரைந்து கொடுப்பதும் அவர் வேலைதான். ஒரு கூட்டத்துக்கு ஓர் உறுப்பினருக்கு ஐந்தே எழுத்துக் கேள்வி. சபையில் வாயால் கேட்டால் அமைச்சர் சிரித்து மழுப்பிவிட்டு உட்காரலாம். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் சொல்லவேண்டும், சொன்னது என்றைக்கும் கிடக்கும். "சொல்லிட்டு நழுவ முடியாதுலா, நாளைக்கி எடுத்துக் காட்டலாம்," என்று வருகிறவர்களுக்குப் பெருமையாக விளக்குவார். மூச்சு விட்டு, "ஆனா நான் கேட்டு இதுவரைக்கும் எந்த மந்திரியும் மாட்டுனதில்ல. நான்தான் மாட்டியிருக்கேன்," என்று தானே சேர்த்துக்கொள்வார்.

குற்றம் முழுக்க அவருடையது அல்ல. முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்தவர். தொழிலாளர் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று மேனேஜருக்கு எழுதினால், முதல் பக்கம் முழுக்க மேனேஜரின் உடல்நலம். கூரை இரண்டாம் பக்கத்தில்தான் வரும், அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். தோட்டம் கைமாறியது, மரம் மாறிச் செம்பனை வந்தது, சிரிலின் நடை மட்டும் மாறவில்லை. வேலை நாள் என்றால் இன்றைக்கும் சட்டையை உள்ளே விட்டு, இரண்டு பேனா குத்தி, சிலுவார்க் கால்சட்டையின் மடிப்புக் கலையாமல் காலை ஆறு மணிக்கே தயாராகிவிடுவார். விடுமுறை நாளில்தான் கைலி.

தேவாலயத்திலும் அவருக்கு நாற்பது போதாது. சனிக்கிழமை மாலைப் பூசையில் மன்றாட்டு வாசிக்கப் போனால், எழுதிக் கொடுத்ததோடு நிற்கமாட்டார். போன மாதம் உலக சமாதானத்தில் தொடங்கி, பெட்ரோல் நிலையத்துப் பக்கமுள்ள சாக்கடை வரைக்கும் ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னார்.

"சாமியார் மூனு தடவ கடியாரத்தப் பாத்தாரு," என்றாள் மனைவி கேதரின், திரும்பி வரும் வழியில்.

"ஆண்டவருக்கு நாப்பது வார்த்தை ரூல் கெடையாதுலா."

"அதான் அவரும் பதில் போடாம இருக்காரு."

சிரில் கார் நிறுத்தும்வரை சிரித்தார். இந்தப் பதிலைத் தன்னுடையது என்றே இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை வேடிக்கைக்கும் நடுவே அவர் மேசைமேல் விரிசல் விட்ட ஒரு சிவப்பு வாளிமூடி இருக்கிறது. கோப்புகள் பறக்காமல் இருக்க வைத்திருப்பதாகச் சொல்வார். அது உமாராணி கொண்டுவந்து வைத்தது.

உமாராணி தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். வடக்கே போகும் பெருஞ்சாலையின் ஒருபுறம் தோட்டத்து வீடுகள், மறுபுறம் பள்ளியும் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடமும். தினமும் காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, ஒரு கையில் வாளிமூடியைத் தூக்கிப் பிடித்து, வண்டிகளை நிறுத்தி அக்கரை சேர்ப்பது அவர்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. போன வருடம் மணல் லோரி ஒன்று அந்த மூடியை அவர் கையிலிருந்து தட்டிக்கொண்டு போனது. மூடிக்கும் கடைசியாக நடந்த பிள்ளைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அன்று காலையே மாடியேறி வந்து மூடியைச் சிரிலின் மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, அங்க ஒரு சிக்னல் லைட்டு வேணும். அடுத்த தடவ மூடியோட போவாது."

சிரில் மூடியை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். "கேட்டுருவோம்மா. நான் எழுதுறேன்," என்றார். அந்த வாக்குறுதி இரவில் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவரைக் குத்தியது.

எழுதினார். அந்த இடத்தில் மக்கள் படும் சிரமத்தை அமைச்சு அறியுமா? பதில் வந்தது: அமைச்சு அறியும்.

"அப்புறம்?" என்றார் உமாராணி.

"அப்புறம் ஒன்னும் இல்ல. அவுங்களுக்குத் தெரியுமாம்."

அடுத்த கூட்டத்தில், அங்கே விளக்கு அமைப்பதைப் பரிசீலிக்குமா என்று கேட்டார். பரிசீலிக்கும் என்று பதில். அதற்கடுத்த முறை, ஒரே கேள்வியில் மூன்றைத் திணித்தார்: நாட்டில் இப்படிப்பட்ட விளக்குகள் எத்தனை, எங்கெங்கே, குருணுக்கு எப்போது. முதல் இரண்டுக்கும் அழகான அட்டவணையோடு இரண்டு பக்கம் பதில் வந்தது. மூன்றாவதை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. ஐந்தில் ஒன்று இப்படி வீணானதில், வெள்ளத்தில் மூழ்கும் ஒரு வீடமைப்புத் தாமானின் வடிகால் கேள்வி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அந்தத் தாமான்காரர்கள் சிரிலைக் கண்டால் இன்றும் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

பிரேமாவதிக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். பொறுமை அதிகம். "அங்கிள், யெஸ் சொல்ல முடியிற மாதிரி கேட்டா, யெஸ் சொல்லிட்டுப் போயிருவாங்க. நம்பர் கேளுங்க, தேதி கேளுங்க. இது கேள்வியா, கல்யாணப் பத்திரிகையா?" என்றார். உறுப்பினரை ஒய்பி என்றே அழைக்கும் சிரில் தலையைச் சொறிந்தார். "பழக்க தோஷம் ஒய்பி. மொய் எழுதுறதுக்கு எடம் விட மறந்துட்டேன்."

ஆனாலும் மூன்று கேள்வியில் ஏதோ ஒன்று எங்கோ போய்த் தைத்திருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை, பள்ளிப் பக்கமிருக்கும் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்த சிரில் எதிர்ப்புறம் பார்த்தார். ஒளிரும் மேலங்கி போட்ட இரண்டு பேர் மழைமரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். சாலையைக் கடப்பவர்களை எண்ண வந்த ஆய்வுக்காரர்கள்! தன் கேள்வி கோலாலம்பூர் வரைக்கும் போய், இரண்டு ஆளாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு கிளாஸ் தே தாரிக் தேநீர் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். கொடுத்தார், கைகுலுக்கினார், நன்றி சொன்னார், திரும்பி வந்தார். சற்றுப் பொறுத்து, காலிக் கிளாசைத் திரும்ப வாங்கி வர மறுபடி ஒருமுறை போய் வந்தார். சாலை அன்று வெறிச்சோடிக் கிடந்ததுகூட அவருக்கு நல்ல சகுனமாகவே பட்டது.

நான்காவது கேள்வியை ஒய்பி சொன்னபடியே எழுதினார். அந்த ஆய்வில் எத்தனை பேர் சாலையைக் கடந்தார்கள்? சேவை மையமே எதிர்பார்த்திருந்த பதில் ஒருவழியாக வந்தது. காலை ஆறரை முதல் ஏழரை வரை மொத்தம் நான்கு கடப்புகள். சமிக்ஞை விளக்கு அமைக்க இந்த எண்ணிக்கை போதாது.

அதை எடுத்துக்கொண்டு சிற்றுண்டிச்சாலைக்குப் போனபோது உமாராணி மீகோரெங் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது.

"நாலா? நான் மட்டுமே ஒரு காலையில எட்டு நட போறேன் வர்றேன். எப்பண்ணே வந்தானுங்க? என் கண்ணுல படவே இல்லியே."

"வந்தாங்கம்மா. நான்தான் தே வாங்கிக் குடுத்தேனே. கைகூட குலுக்குனேன். கையி ஈரமா இருந்துச்சு, கைலியில தொடச்சிட்டு..."

சிரில் நிறுத்தினார்.

"என்னண்ணே?"

"கைலி கட்டியிருந்தேன்."

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சனிக்கிழமை காலை கேதரினோடு பசாருக்குப் போகவேண்டும், அவள் கைலியோடு காரில் ஏற்றமாட்டாள். அப்படியானால் அது வெள்ளி. வெள்ளியன்று பள்ளி மூடிக் கிடக்கும், பக்கத்துத் தொழிற்சாலை மூடிக் கிடக்கும், உமாராணி வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். கோலாலம்பூரில் இருந்து வந்தவர்களுக்கு வெள்ளி வேலை நாள். அவர்களுக்குத் தோன்றாமல் போனதில் வியப்பில்லை. பிறந்ததிலிருந்து கெடா சோறு தின்கிற சிரிலுக்குத் தோன்றவில்லையே! கண் இருந்தது, அன்று அது அந்த இரண்டு நாற்காலியை விட்டு நகரவில்லை.

அடுத்தது நினைவுக்கு வந்தபோது அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தேயோடு போனது ஒன்று, திரும்பியது இரண்டு. கிளாசுக்குப் போனது மூன்று, வந்தது நான்கு.

"உமா, அந்த நாலும் நான்தாம்மா."

உமாராணி அவரையே பார்த்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவர் முகத்துக்கே தெரியவில்லை. கடைசியில் சிரிப்புத்தான் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. "நல்லா இருக்குண்ணே. சொந்தக் காசுல சூனியம் வெச்சிருக்கீங்க. அதுவும் ரெண்டு கிளாசு."

அன்று இரவு சிரில் சாப்பிடவில்லை. மறுநாள் ஐந்தாவது கேள்வியை எழுதினார். முதல் வரைவில், எண்ணப்பட்ட நான்கு கடப்புகளும் உறுப்பினரின் உதவியாளருடையவை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொண்டார். பிரேமாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தார். "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டியத பார்லிமெண்டுல சொல்லப் பாத்தேன்," என்று சிரில் ஒப்புக்கொண்டார். பிறகு ஜன்னலோரம் போய் நின்று, கணுக்களைத் தொட்டுத் தொட்டு, ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு வந்தார். அந்த ஆய்வு எந்தக் கிழமை நடந்தது என்றும், அது கெடாவில் பள்ளி நாளா என்றும் அமைச்சர் தெரிவிக்க வேண்டும். வணக்கம் இல்லை. வருத்தம் இல்லை.

பிரேமாவதி மலாயில் அதை எண்ணிப் பார்த்தார். "பதினெட்டுதான் அங்கிள். இன்னும் இருவத்திரெண்டு மிச்சம் இருக்கு."

"வேணாம் ஒய்பி. மிச்சத்த அவுங்களே எழுதிக்கட்டும்."

எழுதினார்கள். இம்முறை அட்டவணை இல்லை. ஆய்வு வெள்ளிக்கிழமை நடந்தது, அது அம்மாநிலத்தில் பள்ளி விடுமுறை நாள், ஆகவே பள்ளி நாளொன்றில் ஆய்வு மீண்டும் நடத்தப்படும். சிரில் அதைப் பலமுறை படித்தார். ஒரு பிரதி எடுத்து உமாராணியிடம் கொடுத்தார். அவர் அதை நான்காக மடித்து, கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்தார். "லைட்டு வந்தப்புறம் படிக்கிறேண்ணே," என்றார்.

மழைமரத்தடியில் மடக்கு நாற்காலிகள் மறுபடி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதே இரண்டு பேர். சிரில் சிலுவாரும் பேனாவுமாக ரொட்டி சானாய் கடை வாசலில் நின்றார். பழக்க தோஷம், போனவுடனே இரண்டு தே வாங்கிவிட்டார். இம்முறை கிளாசில் இல்லை, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த பொட்டலம். இடது கை விரலில் அவை தொங்கின.

எதிர்ப்புறம் புது வாளிமூடியோடு உமாராணி நின்றிருந்தார், பின்னால் புத்தகப் பைகள். மூடி உயர்ந்தது. லோரிகள் சீறிக்கொண்டு நின்றன. முதல் கூட்டம் கடந்தது, மூடி திரும்பிப் போனது, இரண்டாவது கூட்டம் கடந்தது. பஸ்ஸுக்குப் போகும் பெண்களும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். சிரிலின் வலது கட்டைவிரல் கணுக்களில் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று சுற்று முடிந்து நான்கு கணுவும் போனது. வழக்கமாக நிற்கும் இடத்தில் அது நிற்கவில்லை.

நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டு கையை உயர்த்தினார். "அங்கிள்! தே!"

சிரில் தலையை மட்டும் ஆட்டினார். தார் விளிம்பில் வைத்திருந்த வலது காலை மெல்லப் பின்னால் எடுத்துக்கொண்டார்.