காப்புக் கட்டிய வாரத்தில் பயிற்சிக்குப் போனேன்

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. நான் ஒரு வருஷம்கூட அதை மீறியதில்லை. போன திருவிழாவில் அந்த வாரம் பார்த்துத்தான் புதுக்கோட்டையில் எனக்குப் பயிற்சி வந்தது. காசநோய் வந்து, மருந்தை முழுசாகச் சாப்பிட்டுக் குணமானவர்களுக்கான பயிற்சி. கற்றுக்கொண்டால் ஊரில் நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் விடாதபடி கூடவே இருந்து பார்த்துக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரரின் அக்கா கேள்விப்பட்டு வந்துவிட்டார்.

“காப்பைக் கட்டிட்டு எல்லை தாண்டுவியா? ஆத்தா கண்ணைக் குத்திரும்.”

“ராத்தங்கத்தானே கூடாது அண்ணி. பொழுது சாய வந்துருவேன்.”

“வந்து? எனக்கு டிபி இருந்துச்சுன்னு மைக்கு வச்சுச் சொல்லுவியா? வீட்டுல வயசுப்புள்ள நிக்கிறா. எவன் பொண்ணு கேட்டு வருவான்?”

அதுதான் விஷயம். அதற்கு ஆத்தாளை எதற்கு இழுக்க வேண்டும்? ஒவ்வொரு மாத்திரையையும் அவள் பேரைச் சொல்லித்தான் விழுங்கினேன். அந்த மாதங்களில் ஊருக்கு ‘வயிற்றுப்புண்’ என்று சொல்லி வைத்திருந்தோம். அண்ணி வீட்டில் எல்லோருக்கும் தட்டு, எனக்கு மட்டும் இலை. விருந்தாளியாம்.

என் மகள் உள்ளேயிருந்து சொன்னாள்: “போயிட்டு வாம்மா. அதைக் கேட்டு ஓடுறவன் எனக்கும் வேணாம்.”

அம்மன் வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

முதல் நாளே ஒவ்வொருவராக எழுந்து என்ன நோய் இருந்தது என்று சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. “எனக்கு வயித்துப்புண்ணு...” பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கட்டுமாவடிப் பக்கமிருந்து வந்த ஒரு பாய், “எங்க வீட்டுல ஆஸ்துமான்னு சொல்லி வச்சாங்கம்மா,” என்றார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு சொல்ல முடிந்தது. இருமலில் வரும் கிருமி காற்றில்தான் பரவும், தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிப் பரவாது என்பதை அங்கே நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தினமும் பொழுது சாய ஊர் வந்து சேர்ந்தேன்.

பொங்கல் வைத்த அன்று அண்ணி வீட்டில் உறவுகள் எல்லாம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். எனக்கு வழக்கம்போல இலை வந்தது.

“எனக்கும் தட்டே குடுங்க அண்ணி.”

“விருந்தாளிக்கு எலைதானே மரியாதை?”

“அப்ப எல்லாருக்கும் எலையே போடுங்க. எனக்கு டிபி இருந்துச்சு. மருந்து தின்னேன், சரியாப் போச்சு. தட்டுல ஒட்டாது.”

என் வீட்டுக்காரர் எழுந்து போய்த் தட்டு எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போது அண்ணியின் ஓரகத்தி பக்கத்தில் வந்தார்.

“எங்க வீட்டுக்காரருக்கும் ரொம்ப நாளா இருமல். சாயங்காலமானா காய்ச்சல். யாருகிட்டயும் சொல்லிறாதத்தா.”

“நான் ஏங்க்கா சொல்றேன்? காலையில ரெண்டு பேரும் வாங்க. சளி டெஸ்ட் எடுத்துட்டு வருவோம்.”

“காப்பு அவுக்கலையே?”

“பொழுது சாய வந்துருவோம்.”

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் எங்கள் மூவரையும் பார்த்து அண்ணி கேட்டார், “எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க?”

அவர்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். “ஆஸ்பத்திரிக்கு. நான்தான் கூட்டிட்டுப் போறேன்,” என்று சொல்லிவிட்டு முதலில் நான் ஏறினேன்.