அருள்தாஸ் வெட்டாத சவுக்கு

செவ்வாய்க்கிழமை காலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. "நம்ம பழைய எலக்ட்ரீஷியன் அருள்தாஸ் தவறிவிட்டார்." அதன் கீழே பதினோரு பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் கேன்டீனில் இன்றைக்கு பிரியாணி உண்டா என்று கேட்டிருந்தார். அதற்கு உடனே பதிலும் வந்துவிட்டது.

திருப்போரூர் பக்கம் இருக்கும் எங்கள் கணினி அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளராக மின்வேலை பார்த்தவர் அவர். நாற்பத்து மூன்று வயது. நெஞ்சு வலித்திருக்கிறது, வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அலுவலக மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். "உங்களுக்குத்தானே சார் நெருக்கம்?" என்றார்கள். அந்த நெருக்கத்தின் லட்சணத்தை எழுதிவிடுகிறேன். அச்சிடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

நான் வேலையில் சேர்ந்த வாரம் என் கணினி உயிர் பெறவில்லை. நான் நான்கு பேருக்குப் புகார் அனுப்பினேன். அருள்தாஸ் வந்தார், குனிந்தார், கழன்று கிடந்த பிளக்கைச் செருகினார். "இவ்ளோ படிச்சுகீறீங்க, இத்த பாக்க மாட்டீங்களா சார்?" என்று சிரித்தார். அன்று முதல் அவர் எனக்கு அருளு. வா, போ என்றுதான் பேசினேன். செத்த பிறகுதான் எனக்கு 'அவர்' வருகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கட்டடத்தில் மின்சாரம் போய், மூன்று மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். என் மேலாளர் சுரேந்தர் காட்டில் தங்குவது பற்றிய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு கூடாரம் வாங்கிக் காரில் வைத்திருந்தார். மாமல்லபுரம் தாண்டிக் கடலோரச் சவுக்குத் தோப்பில் இன்றைக்கே தங்கலாம் என்றார். நானும் தலையாட்டினேன். வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த அருள்தாஸ் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கூடாரமா? பனி கொட்டிகினு கீது. நெருப்புப் பெட்டியாவது கீதா?"

இல்லை. அவரையும் ஏற்றிக்கொண்டோம். வழியில் மனைவி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, "வூட்டுக்கு வரல, சோறு வடிக்காத. ரெண்டு பெரிய கொழந்தைங்கள பாத்துக்கணும்" என்றார்.

தோப்பில் கூடாரத்தைப் பிரித்தால் துணி இருந்தது, கம்பிகள் சுரேந்தரின் வீட்டில் இருந்தன. அருள்தாஸ் தன் பையிலிருந்து கத்தியை எடுத்தார். மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க வைத்திருந்த கத்தி. "பச்ச மரத்துல மட்டும் கை வெக்காதீங்க. தோப்புக்காரன் பெத்த புள்ள மாரி பாத்துகினு இருப்பான்" என்றார். கீழே விழுந்து கிடந்த கழிகளைப் பொறுக்கினார். பனை மட்டையைக் கிழித்து நாரெடுத்துக் கட்டி, காற்றுக்கு முதுகு காட்டித் துணியை விரித்தார். பனையிலிருந்து உதிர்ந்த நார்வலையான பன்னாடையில் ஒரே குச்சியில் நெருப்பு பிடித்தது. மணல்மேட்டுக்குப் பின்னால் முழங்கை ஆழம் தோண்டினார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் ஊறியது. வழியில் வாங்கிய வள்ளிக்கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுட்டுத் தந்தார். படுக்கும் முன் நெருப்பை ஒதுக்கி, அது எரிந்த இடத்தில் காய்ந்த மணலைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் எங்களைப் படுக்கச் சொன்னார். விடியும்வரை முதுகில் சூடு இருந்தது.

எங்கே கற்றாய் என்று கேட்டேன். "எங்கப்பாரு மல்லாட்டக் கொல்லைக்கு, வேர்க்கடல சார், ராக்காவல் போவாரு. நானும் கூடப் போவேன். நெலம் அவுங்களுது, பனி எங்களுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு இதுக்குப் பேரு கூலி வேல சார். உங்களுக்கு டூரு" என்றார். அவர் சிரித்தார் என்பதால் நாங்களும் சிரித்தோம்.

காலையில் அவர் சாலைக் கடைக்கு நடந்து போனார். சுரேந்தருக்கு அந்தக் கூடாரத்தை வீடியோ எடுக்க வேண்டும். காய்ந்த கழிகள் பார்க்க நன்றாக இல்லையாம். "பச்சையா, உயரமா நாலு நட்டா சூப்பரா இருக்கும்" என்றார். கத்தியை நான் எடுத்தேன். நான்கு கேட்டார், ஆறு வெட்டினேன். இளம் சவுக்கு, இரண்டு வெட்டில் சாய்ந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்த அருள்தாஸ், "இன்னா சார் பண்ணி வெச்சுகீறீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் தோப்புக்காரரின் ஆட்கள் வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காவல் நிலைய வாசலில் நின்றோம். சுரேந்தர் போனில் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து நாளில் அமெரிக்க விசா நேர்காணல். அருள்தாஸை ஓரமாக அழைத்துப் போனேன்.

"அருளு, என் பேர் ஏறிச்சுன்னா எல்லாம் போச்சு. கத்தி உன்னோடது. நீ ஒத்துக்கோ. ஆபீஸ்ல நான் பாத்துக்கறேன்."

"எனக்கும் புள்ளைங்க கீதுங்க சார்."

"சத்தியமா பாத்துக்கறேன்."

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய், "நான்தான் சார் வெட்டினேன்" என்றார். அதிகாரி அவர் சட்டையையும் எங்கள் சட்டையையும் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. வழக்குப் பதிந்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

விசா கிடைத்தது. போனேன். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது போலீஸ் சரிபார்ப்பில் அவர் பெயர் மாட்டியது. எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். "சார், நல்லா கீறீங்களா? ஆபீஸ்ல அந்த விசயத்த கேக்குறாங்கோ. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். அவசரம் இல்ல சார்." நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். சொன்னால் எந்த மரம், யார் வெட்டியது என்று கேள்வி வரும். சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. வேலை போய், படாளத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு இரவுக் காவலாளியாகச் சேர்ந்தார் என்று பிறகு தெரிந்தது. ஊர் திரும்பி ஓராண்டாகியும் நான் போய்ப் பார்க்கவில்லை. படாளம் ஒன்றும் சீமையில் இல்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். சவப்பெட்டியைத் தூக்கும் முன், கூட்டம் சற்று விலகியபோது ஸ்டெல்லா அம்மா என்னிடம் வந்தார். அழுது முடித்திருந்த குரல்.

"ஒரு செடிய மிதிக்க மாட்டாரு சார். அன்னிக்கு ஏன் மரத்த வெட்டினாருன்னு கடைசி வரிக்கும் எங்கிட்ட சொல்லவே இல்ல. கேட்டா, வுடுன்னுவாரு. பெரியவன்கூட அப்பா ஏம்மா அப்டி பண்ணாருன்னு கேக்குறான். நீங்க கூட இருந்தீங்களே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலைம்மா" என்றேன். அவருடைய பெட்டிக்கு நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

அருள்தாஸ் அவர்களே, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டும். போய் வாருங்கள். மலர் அச்சாகிறதோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காக நடக்கும் ஜெபத்துக்கு முன் இந்தத் தாளோடு உங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் பெரியவன் கேட்கும்படி இதைப் படிப்பேன்.

ஸ்டெல்லா அம்மா, எனக்குத் தெரியும். ஆறு மரத்தையும் வெட்டியது நான். உங்கள் வீட்டுக்காரர் அப்போது எங்களுக்கு டீ வாங்கி வரப் போயிருந்தார்.