இரண்டாவது கோடு

நந்தனம் தாண்டியபோதுதான் சட்டையில் முயல் முடி ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். தட்டிவிட்டேன். போகவில்லை. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று முடிவு செய்திருக்கவில்லை.

பள்ளியைப் பாதியில் விட்டவன் நான். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னக் கம்பெனியில் முயல்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள், சேர்ந்தேன். கல்யாண மேடைகளில் வைக்கிற ஆர்க்கிட் பூச்செடிக்கு ஒரு வைரஸ் வரும். பார்க்க நன்றாகவே இருக்கும் செடி, பூ வெட்டுகிற கத்தி வழியாகத் தோட்டம் முழுக்கப் பரப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டை செய்வதுதான் அங்கே வேலை. வைரஸைப் பிரித்து முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பு உண்டாகும். அந்த எதிர்ப்பைப் பிரித்துப் பட்டையில் பூசுவார்கள். நோயுள்ள இலைச்சாறு பட்டால், கர்ப்பம் பார்க்கிற பட்டையைப் போல இரண்டு கோடு விழ வேண்டும்.

எங்கள் முயல்களின் ரத்தம் நல்ல இலைக்கும் இரண்டு கோடு காட்டியது. உதவாத முயல்கள் கூண்டில் தின்றுகொண்டு கிடந்தன. உதவினால்தான் ஆபத்து. ரத்தம் மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள்.

இன்னும் சோதிக்காமல் மிச்சமிருந்தது காது மடங்கிய ஒன்று. ரத்தம் எடுக்கக் காதைத் தேய்த்துச் சூடேற்றினால்தான் நரம்பு எழும்பும். நான் தேய்க்கும்போது அது என் முழங்கை மடிப்புக்குள் தலையை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் தொட்டால் உதைக்கும்.

அதன் ரத்தத்தில் செய்த பட்டையை மேடம் மேசையில் வைத்தார். ஆராய்ச்சி முழுக்க அவர் பொறுப்பு. நல்ல இலைக்கு ஒரு கோடு. நோய் இலைக்கும் முதலில் ஒரு கோடுதான் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். மெல்ல இரண்டாவதும் சிவந்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாமே, மேடம்?"

"அடுத்த மாசம் இந்த வீரியம் இறங்கிட்டா? இன்னொரு தடவை தோத்தா கம்பெனியை மூடிடுவாங்க." என் முகத்தைப் பார்க்காமல், "மயக்க ஊசி போட்டுத்தான் எடுப்போம். நீங்கதான் பிடிச்சுக்கணும்" என்றார்.

கம்பெனி வண்டி ஓட்டுகிற அண்ணன் வாசலில் நின்று சிரித்தார். "இன்னா நைனா, முயலுக்குப் போயி மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு கீற? பிரியாணில கெடந்த கோழி உனுக்கு இன்னா, விரோதியா?"

"அத நான் வளக்கலண்ணே."

காதைத் தேய்த்தேன். வழக்கம்போலத் தலையை உள்ளே வைத்துக்கொண்டது. ஊசி போட்டதும் அந்தத் தலை என் கையில் கனத்தது. மேடம் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். இனிப்பு வருவதற்குள் நான் கேட்டைத் தாண்டிவிட்டேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு டீ குடித்தேன். மயிலாப்பூரில் மூடிய கடை ஒன்றின் படியில் படுத்தேன். விடிந்ததும் நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். ரோட்டோரம் மீன் விற்கிற அக்காவிடம் வேலை கேட்டேன்.

"இன்னா வேல பாத்துக்கினு இருந்த?"

"முயல் பாத்துக்கினு இருந்தேங்கா."

"சர்க்கஸா?"

"இல்லக்கா. செடிக்கு டெஸ்ட் பண்ற கம்பெனி."

"செடிக்கு எதுக்குடா முயலு?" பதிலுக்குக் காத்திருக்காமல் அரிவாள்மணையைத் தள்ளினார். "மீன் ஆயத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டேன். எல்லாம் ஏற்கெனவே செத்திருந்தன. அங்கேயே சேர்ந்துவிட்டேன்.