ரிங் ரோடுக்கு நிதி வந்த நாள்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் 'ரிங் ரோடு'. லாரியும் பஸ்ஸும் கோயில் வீதிகளுக்குள் நுழையாமல் ஊரைச் சுற்றிப் போக ஒரு சாலை வேண்டும் என்று, குறைதீர்க்கும் நாள் தவறாமல் மனுவோடு கலெக்டர் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவர். கட்சிக்காரர் கிடையாது. சின்ன காஞ்சிபுரத்தில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிற கடை. மனு கொடுக்கப் போகிற நாளெல்லாம் கடைக்குப் பூட்டு.

"அளந்தாச்சு, கல்லு நட்டாச்சு, அறிக்கை மேல போயிருக்குது. நிதி ஒதுக்கணும் பெரியவரே" என்பார்கள்.

"எப்போ சார்?" என்று கேட்பார். அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்து, "இந்த பட்ஜெட்ல வந்துடும் பாரு" என்பார். "ஆமா, உங்களுக்காக மூட்டை கட்டி வெச்சிருக்காங்க, போய் வாங்கிக்கினு வாங்க" என்று நான் எரிந்து விழுவேன். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருவார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு வெளியூர்க்காரர்கள் வேன் வேனாகப் புடவை எடுக்க வந்த ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கோணிய வாயோடு சுவரில் சாய்ந்தார். வலது கை தொங்கிப் போயிற்று. ஆம்புலன்ஸ் எங்கள் தெருவின் பின்பக்கமாக வந்து சேர்ந்தது. பெரிய ரோட்டு நெரிசலுக்குத் தப்பித்த வேன்களும் அதன் பின்னாலேயே நுழைந்து அடைத்துக்கொண்டன. இனி முன்னால்தான் போக வேண்டும். முன்னால் பாவு.

எங்கள் தெருவில் வெயில் ஏறுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பார்கள். அன்றைக்கு எதிர்வீட்டுத் தம்பியின் பாவு. முகூர்த்தப் புடவைக்கு உரியது. ஆம்புலன்ஸைப் பார்த்ததும் தெருவே ஓடிவந்து அதைத் தூக்கியது. ஆனால் நெசவுக்காரர் கையல்லவா, ஓர் இழை அறுந்துவிடக் கூடாது என்று எல்லோரும் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகச் சுவரோரம் நகர்ந்தார்கள். "பாத்து, பாத்து, தளர்த்தாதப்பா" என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. "ஐயோ, என் மனுஷன் போயிடுவாருப்பா" என்று தெருவில் விழுந்து கதறினேன்.

எதிர்வீட்டுத் தம்பி என்னைப் பார்த்தான். இடுப்பில் இருந்த கத்தரியை எடுத்துத் தன் பாவைத் தானே அறுத்தான். "போங்கக்கா" என்றான். அரக்குச் சிவப்புப் பட்டு புழுதியில் விழுந்தது. அதன் மேல் வண்டி ஏறிப் போயிற்று.

போய் என்ன? தெருமுனையில் பெரிய ரோடு ஒட்டுமொத்தமாக நின்றுகொண்டிருந்தது. சைரன் அலறியது. முன்னால் இருந்த பஸ் டிரைவர் எங்கே போவான், பாவம், இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். வெயில் ஏறியது. அவர் கை என் கைக்குள் கனத்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மூளையில அடைப்பு கரைய ஊசி போட்டிருக்கலாம்மா, நேரம் தாண்டிடுச்சு" என்று மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது இடி.

உயிர் இருக்கிறது. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "எப்போ", வலித்தாலும் "எப்போ". எல்லா வார்த்தையும் போய், அந்த ஆபீஸ் வாசலில் தேய்ந்த வார்த்தை மட்டும் ஏன் நின்றதோ. சில நாள் அதைக் கேட்கச் சகிக்காமல் அடுக்களையில் போய் அழுவேன்.

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி லட்டு டப்பாவோடு ஓடிவந்தான். "அண்ணே, ரிங் ரோடுக்கு நிதி ஒதுக்கிட்டாங்களாம். டிவியில சொல்லிக்கினு இருக்காங்க."

அவர் அவனையே பார்த்தார். இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எப்போ?"

இது தண்ணீருக்கான 'எப்போ' இல்லை என்று அவனுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியலண்ணே" என்றான்.

அவர் பிடியை விடவில்லை.