காலண்டர் கணக்கும் பிறைக் கணக்கும்

என் கணவர் இறந்தது ரஜப் மாதத்தின் முதல் பிறை தெரிந்த மாலையில். எங்கள் வீட்டில் நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குத்தான். முதல் மழை, பக்கத்து மாமரம் பூத்தது, சென்டரில் எந்த வகுப்பு என்றைக்குத் தொடங்கியது, எல்லாவற்றையும் ஆங்கிலத் தேதியிலும், பிறையை வைத்து எண்ணும் ஹிஜ்ரி தேதியிலும் எழுதுவேன். அன்றைக்கும் எழுதினேன். எழுதி முடித்த பிறகு வந்தவர்களுக்குப் பாய் போடப் போனேன்.

சென்டர் என்று நாங்கள் சொல்வது சித்தூரில் ஜமாத் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். கீழ்க்கூடத்தில் நிக்காஹ் நடக்கும். நிக்காஹ் இல்லாத நாட்களில் பையன்கள் கேரம் ஆடுவார்கள், ஒரு மூலையில் கம்ப்யூட்டர் பயிற்சி நடக்கும். மேல்மாடியில் பெண் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் சமூகமும் நான் எடுத்தேன். மொட்டை மாடி என் கணவருடையது. மாதம்தோறும் பையன்களைக் கூட்டிக்கொண்டு பிறை பார்க்க ஏறுவார்.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அலங்காரம் இல்லாமல், வீட்டை விட்டு வெளியே போகாமல். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் மேல்மாடி வகுப்பு நின்றது. ஆண் ஆசிரியர் என்றால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை ரமலானில் வந்தது. சென்டர் செயலாளர் யோசித்துப் பார்த்துவிட்டு வகுப்பையே என் வீட்டுக்கு அனுப்பினார். கேரம் ஆடுகிற பையன்கள் கரும்பலகையைத் தூக்கி வந்து வாசலில் சாய்த்து, வெளியிலிருந்தே சலாம் சொல்லிவிட்டு ஓடினார்கள்.

முதல் நாள் பிள்ளைகள் அழுதார்கள். நான் பலகையைத் துடைத்து, விட்ட இடத்திலிருந்து திரிகோணமிதியைத் தொடர்ந்தேன். அழுகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார்கள். எனக்குள் அடைத்துக்கொண்டு ஏதோ இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். நான் தேடிப் பார்த்தேன். அடைத்துக்கொண்டு எதுவும் இல்லை. சாப்பாடு ருசிக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ருசித்ததா என்று கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

துணைக்குப் பலமனேரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். கணவருக்கு அக்கா, வாய் கொஞ்சம் கூர்மை. வந்த அன்றே உரக்கடைக் காலண்டரைப் புரட்டி, ஆங்கில மாதத்தில் நான்கு எண்ணி, அதற்கு மேல் பத்து நாள் கூட்டி ஒரு வட்டம் போட்டார். அன்றுதான் இத்தா முடியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அது சரியில்லை என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. இத்தாவுக்குப் பிறை மாதம்தான் கணக்கு. நான்கு பிறை மாதங்கள் நான்கு காலண்டர் மாதங்களை விடச் சில நாட்கள் குறைவு. சொல்லவில்லை. எப்போது முடிந்தால் என்ன என்று இருந்தது.

வகுப்பில் ஒரு பெண் பாலசமுத்திரத்துக்காரி. சித்தூரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா தக்காளி பயிர் போடுவார், வாடகைக்கு டிராக்டரும் ஓட்டுவார். ரிசல்ட் வந்தபோது எங்கள் வகுப்பில் அவள்தான் முதல். திருப்பதியில் விடுதியோடு இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் ப்ளஸ் ஒன்னுக்குச் சமமான இன்டர் சீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சொன்ன நாளில் நேரில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் சீட் அடுத்த பெண்ணுக்கு. அந்த நாள் நாத்தனாரின் வட்டத்துக்கு முன்னால் விழுந்தது.

அவள் அத்தா வந்து வாசலுக்கு வெளியே நின்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். நாத்தனார் நடுவில்.

"ஆம்பளைக்கு ஆஸ்டல்ல கேட்டைத்தான் காட்டுவாங்க," என்றார் அவர். "உள்ள பாத்ரூமுக்குத் தாப்பாள் கீதா இல்லியான்னு எனக்கு யார் சொல்றது? டீச்சரம்மா வந்து பாத்து சரின்னா சேத்துடறேன். இல்லன்னா வேணாம். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா குவைத்துக்குப் போன் போட்டு நான் என்னன்னு சொல்லுவேன்?"

"காலேஜை நாலு நாள் தள்ளி வெச்சுக்கச் சொல்லுப்பா," என்றார் நாத்தனார். "இத்தா முடியறதுக்குள்ள திருப்பதி கிளம்பிட்டாள்னு பலமனேர் வரைக்கும் பேசுவாங்க."

அந்தப் பெண் உள்ளே என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பரவாயில்லை டீச்சர், அத்தை வீட்டில் தையல் மிஷின் இருக்கிறது, கற்றுக்கொள்வேன் என்றாள். நல்ல மார்க் வாங்கிய பெண் பேசுகிற குரலாக இல்லை. அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. நான்கு மாதமாக நான் அந்தக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சொன்னேன். "அக்கா, அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் மஃரிப் தொழுகையோடவே இத்தா முடிஞ்சிடும். பிறையைத்தான் எண்ணணும்."

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சர் வேலையை என்கிட்டயே காட்டுறியா? அவனுக்கு நாலு நாள் அதிகமா உக்காந்தா தேஞ்சா போயிடுவ?"

இறந்தவர் அவருக்குத் தம்பி. பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு நாத்தனார் கையிலேயே கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டார். ஹஜ்ரத் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மௌத், உயிர் பிரிந்தது, மஃரிபுக்கு முன்னா, பின்னா? மஃரிபோடு அடுத்த நாள் தொடங்கிவிடும். முன்னால் என்றால் அது பழைய மாதம், கணக்கு வேறு. பின்னால் என்றால் முதல் பிறை, நான்கு பிறை மாதமும் பத்து நாளும்தான்.

நாத்தனாருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். என் கணவர் சென்டர் மாடியிலிருந்து இறங்கி, மஃரிப் தொழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். தண்ணீர் கேட்டார். கொண்டு வருவதற்குள், "பிறை தெரிஞ்சுது, நூல் மாதிரி," என்றார். அதற்கப்புறம் பேசவில்லை.

இதை நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை. ரயில் எந்த நேரத்துக்கு வந்தது என்று சொல்வது போல என் வாயிலிருந்து வந்தது. நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனார். கணக்கு சரி, போகலாம் என்றார் ஹஜ்ரத். தேவை இருந்தால் பகலில் போய் வர முன்பேகூட மார்க்கத்தில் இடம் இருந்தது என்றும் சொன்னார்.

அடுப்படியிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. "ஹஜ்ரத் எனக்குச் சொல்லிட்டாரு. ஊர்க்காரங்க ஒவ்வொருத்தருக்கும் யார் போன் போடறது?"

கல்லூரி சொன்ன நாளில், காலை பஸ்ஸில் நானும் அந்தப் பெண்ணும் ஒரு சீட்டில், அவள் அத்தா மூன்று சீட் பின்னால். மொட்டை போட்டுக்கொண்டு திரும்பும் கூட்டம் எதிர்ப் பஸ்களில் போனது. நான்கு மாதத்துக்குப் பிறகு வெளிக்காற்று. நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காற்றாகத்தான் இருந்தது.

அவள் அத்தா சொன்னது போலவே ஆண்களைக் கேட்டோடு நிறுத்தினார்கள். வார்டன் தெலுங்கில் பேசிக்கொண்டே மாடி மாடியாகக் காட்டினார். ஜன்னல் கம்பி, குடிநீர், இரவு வராண்டா விளக்கு, தொழ ஒரு மூலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாத்ரூம்களை ஒவ்வொன்றாக உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தேன். கடைசியில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான்கு ஓட்டைதான் இருந்தது. ஜூனில் பிள்ளைகள் வருவதற்குள் போட்டுவிடுவோம் மேடம் என்றார் வார்டன். இன்றைக்கே போட்டால் நல்லது, நான் இருக்கிறேன் என்றேன்.

அவர் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அலுவலகம் மூடும் நேரம் ஆகிறது, சீட் போய்விடும் என்று வார்டன் இரண்டு முறை நினைவூட்டினார். அந்தப் பெண் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. எனக்கு வந்திருந்த ஒரே பயிற்சி அதுதான். கடைசியில் அவரே எரிச்சலோடு போன் செய்தார். தச்சர் வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, புதுத் தாழ்ப்பாளை முடுக்கினார்.

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். நான்கு மாதத்தில் யாரும் பக்கத்தில் இல்லாமல் நான் நின்றது அங்கேதான். பினாயில் வாசனை. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். சுவரில் கை வைத்துக்கூடப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

"டீச்சர், சரியா மாட்டுதா?" வெளியிலிருந்து அவள் கேட்டாள்.

"மாட்டுது," என்றேன். இன்னொரு முறை திறந்து, போட்டு, திறந்தேன்.

கேட்டில் அவள் அத்தா நின்றுகொண்டே இருந்தார். வெயிலில் முகம் கருத்திருந்தது. என்னிடம் நேராகக் கேட்காமல் மகளைப் பார்த்தார். எல்லாத்துக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது, சேர்த்துவிடலாம் என்று நானே சொன்னேன். அவர் சரிங்கம்மா என்று சொல்லி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட அலுவலகத்துக்குள் போனார்.